மச்சாளும் பிள்ளையார் தரவையும்

என் மனைவியின் தமக்கையை நான் மச்சாள் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மலைநாட்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்து, கல்யாணம் முடிக்காமலே ஓய்வு பெற்று, பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து சேர்ந்தவர். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார். அந்த ஒன்பது வருடமும் என் பொறுமைக்குச் சிவபெருமான் வைத்த சோதனை என்று பல தடவை கோயிலில் நின்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அந்தச் சொல்லை முழுதாகத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன கதையைச் சொன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று விளங்கும். வான் ஒன்று பிடித்துக் குடும்பமாகப் போனோம். காலை நேரம். துவாயால் காதை மூடிக்கொண்டு இறங்கினால், கண்ணுக்கு எட்டின மட்டும் புல். மேடும் பள்ளமுமாய்ப் புல், அதன்மேல் பனிப்புகை, பள்ளங்களில் மட்டும் கறுப்பாய்க் கொஞ்சம் காடு. எங்கள் ஊரில் பனையும் வேலியும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது வேறு உலகம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினேன். "அப்பனே, மனிசன் கை படாத இடம் ஒண்டை இப்பிடி வைச்சிருக்கிறாயே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பின்னால் இருந்து குரல் வந்தது.

"மச்சான், கும்பிடுறதைக் கும்பிடுங்கோ. கை படாத இடமெண்டு மட்டும் சொல்லாதேங்கோ. உந்தப் புல்லு ஆற்றை வேலை எண்டு நினைக்கிறியள்?"

"ஆற்றை வேலை? கடவுளின்ரை வேலை."

"அவற்றை வேலையும் இருக்கு. நெருப்பு வைச்ச ஆக்களின்ரை வேலையும் இருக்கு."

அவ்வளவுதான், தொடங்கிவிட்டார். எங்கள் மகள் கவிதா குளிரென்று வானுக்குள் ஏறிவிட்டாள். நானும் மனைவியும் அகப்பட்டுக்கொண்டோம். இரண்டு மேட்டுக்கு நடுவில் கிடந்த சதுப்பைக் காட்டினார். அங்கேதான் அவருடைய கூடத்து ஆட்கள் குழாய் இறக்கி மண் எடுத்தார்களாம். குழாயிலிருந்து மண்ணைத் தள்ளினால் குழலிலிருந்து புட்டு வருகிற மாதிரி முழுசாக வருமாம். மேலே இருப்பது புதிது, கீழே போகப் போகப் பழையது. அதைத் துண்டு துண்டாய் வெட்டிக் கழுவி, பூந்தாது என்ன இருக்கிறது, கரி என்ன இருக்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது. கழுவுவது மச்சாளின் வேலை. முப்பது வருடமும் சேறு கழுவியிருக்கிறார்.

"அரசனுமில்லை, எழுத்துமில்லை, அந்தக் காலத்திலையே மனிசர் உங்கை ஏறி வந்திருக்கினம். புல்லுக்கு நெருப்பு வைச்சிருக்கினம். எரிஞ்ச இடத்திலை இளம்புல் வரும். இளம்புல்லுக்கு மரைமான் வரும். பிறகு மாடு மேய்ச்சிருக்கினம், தானியமும் விதைச்சிருக்கினம் எண்டு சொல்லினம்."

"அப்ப முன்னம் முழுக்கக் காடோ அக்கா?" என்று மனைவி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"முழுக்க எண்டு சொல்லேலாது. குளிரும் மழையும் மாறி மாறிப் புல்லைக் கூட்டியும் இருக்கு, குறைச்சும் இருக்கு. எது எவ்வளவு எண்டு படிச்ச ஆக்கள் இன்னும் அடிபடினம். ஆனால் மனிசன்ரை கை படேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

நான் பாதியில் விட்ட கும்பிடு பாதியிலேயே நின்றது. 

எதைக் கண்டாலும் அவருக்கு அது ஆருடைய வேலை என்று தெரியவேண்டும். தானாக வந்தது என்று நீங்கள் சொல்லிவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு விடுதலை இல்லை. எங்கள் வெங்காயத் தோட்டத்துச் செம்மண்ணைக் கையில் அள்ளி, "நல்ல மண் எண்டு பெருமை அடிக்கிறியள். எத்தினை பேர் ஆட்டுப்பட்டி அடைச்சு, குழை தாட்டு, பனையோலை தாட்டு எடுத்த மண் தெரியுமே?" என்பார். அந்தக் குழையில் பாதியை நான்தான் மண்ணுக்குள் தாட்டேன். என் முதுகே அதற்குச் சாட்சி. ஆனாலும் சேறு கழுவின ஒருவர் வந்து என் தோட்டத்தில் நின்று எனக்குச் சொல்லும்போது பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியார், "பிள்ளை இயற்கையிலையே நல்ல அடக்கம்" என்று சொன்னார்கள். மச்சாள் பாயாசத்தை வைத்துவிட்டு, "இயற்கை இல்லை, தாயின்ரை அடி" என்றார். பெண்ணின் தாய் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

காலையில் பூசைக்குப் பூ ஆய்ந்து தருவதும் அவர்தான். ஆனால் ஒவ்வொரு செவ்வரத்தையையும் வெள்ளைத் தாளில் ஒரு தட்டுத் தட்டி, விழுந்த தாதுப்பொடியைப் பார்த்துவிட்டுத்தான் தட்டத்தில் வைப்பார். "சாமிக்குப் போற பூவை முழுசாய்த் தாங்கோவன் மச்சாள்" என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "சாமி எண்ணிப் பாக்கமாட்டார்" என்பார். இந்த வெயிலில் காலுக்குக் கம்பளி மேசும் போட்டிருப்பார். மலைநாட்டுக் கால் பழகிவிட்டதாம்.

இன்னொன்று. சாமி அறைத் தட்டில் சின்னப் போத்தல் ஒன்று இருந்தது, உள்ளே கறுப்பாய் மண். என்னவென்று மனைவியைக் கேட்டேன். "அக்கா மலையிலையிருந்து கொண்டுவந்த மண்" என்றாள். ஏதோ மலைக்கோயில் மண் என்று நினைத்துவிட்டேன். சந்தனம் வைத்து, பூ வைத்து, மூன்று கிழமை விளக்குக் காட்டினேன். மச்சாள் ஒருநாள் அதைக் கண்டு சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். குளிர்ச்சியான இடம் என்று வைத்த சதுப்புச் சேறாம் அது. எனக்கு முகம் கறுத்துப் போனதைக் கண்டதும் சிரிப்பை நிற்பாட்டி, "பிழையில்லை மச்சான். அதுக்குள்ளை ஆரோ குளிருக்கு மூட்டின நெருப்பின்ரை கரி இருக்கும். ஒரு விளக்குக் காட்டினால் என்ன குறை?" என்றார். சமாதானம் செய்கிறாரா, இன்னும் பகிடி பண்ணுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரோடு எப்பவும் அப்படித்தான்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது, பொறுத்துக்கொண்டேன். தரவை விசயம் அப்படி இல்லை.

எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு மேற்கே ஒரு தரவை கிடக்கிறது. தரவை என்று நாங்கள் சொல்வது மரமில்லாத மேய்ச்சல் வெளியை. பாய் விரித்தது போல முழுவதும் அறுகு. பிள்ளையாருக்கு அறுகு எவ்வளவு விருப்பம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கவிதாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது. மூன்றாவது உண்டாக முன்னமே நான் நேர்த்தி வைத்தேன். பிள்ளை தங்கிப் பிறந்து அதற்கு ஏடு தொடக்கி எழுத்துப் பழக்கும் வரைக்கும், ஒவ்வொரு வெள்ளியும் கோயில் தரவை அறுகில் என் கையால் மாலை கட்டிப் போடுகிறேன் என்று பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சொன்னேன்.

முதல் வெள்ளி பனையோலைக் கடகத்தோடு போனால், அறுகின்மேல் சாணி. மாடு பாதி கடித்து விட்ட நுனி. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பூமணி அக்காவின் மாடுகள் நாலும், இன்னும் இரண்டு மூன்று வீட்டு மாடுகளும் காலையிலிருந்து அங்கேதான். அவர் கணவனை இழந்தவர், பால் விற்றுச் சீவிப்பவர். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மாட்டின் எச்சிலையா பிள்ளையார் கழுத்தில் போடுவது என்று மனது கிடந்து அடித்தது. பேத்தியோ பேரனோ, வரப்போகிற ஒரு உயிர் இதில் தொங்குகிறது. கோயில் சபையில் எழும்பி, மாட்டு எச்சில் பிள்ளையாருக்கு ஆகாது, தரவையைச் சுற்றி வேலி போடவேண்டும் என்று கேட்டேன். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. புனிதமான இடம் புனிதமாக இருக்கவேண்டும் என்றார் தலைவர்.

மச்சாள் மண்டபத் தூணோரம் நின்றவர், கேளாமலே கதைத்தார்.

"மாட்டை மறிச்சால் அறுகு போகும்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை சொல்லுறாய்? மாடு தின்னுறதாலையோ அறுகு இருக்கு?"

"ஓம். மாடு தின்னுறதாலைதான். அறுகு நிலத்தோடை படுத்துப் படருற புல். மாடு மற்றதுகளின்ரை தலையைக் கடிக்கக் கடிக்கத்தான் அதுக்கு வெயில் கிடைக்குது. மறிச்சுப் பாருங்கோ, உயரமான புல்லு வரும், பிறகு பத்தை வரும், அறுகு செத்துப்போம். மேலை மலையிலையும் மரை மேயுற இடத்திலைதான் புல்லுக் கட்டையாய்க் கிடக்குது."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் வீட்டு ஆள், என் நேர்த்திக்குக் குறுக்கே. "மச்சாள், உங்கடை மலைப்புல்லுக் கதையை மலையோடை விடுங்கோ. உது பிள்ளையாற்றை புல்" என்றேன்.

"பிள்ளையாற்றை புல்லுத்தான். பூமணியின்ரை மாடும் சேந்து வளத்த புல்லு."

சபையில் சிரித்தார்கள். "அப்ப மாட்டுக்கும் கோயில் மரியாதை, காளாஞ்சி குடுப்பம்" என்றார் ஒருவர். வேலி போடுவது என்று முடிவானது. சீமெந்துக் கட்டையில் முதலாவதை நானே நட்டேன்.

அந்த மாரி மழைக்கு அறுகு வந்த வரத்தைப் பார்க்கவேண்டும். கணுக்கால் உயரத்துக்குக் கொழுத்து, சாணியில்லாமல், கடிபடாமல். தையில் கவிதா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கட்டின மாலையை மச்சாளின் மூக்குக்குக் கிட்ட நீட்டி, "இது செத்த அறுகோ?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ" என்றார்.  அந்தப் 'பொறுங்கோ' எனக்கு ஒரு வருடம் காதுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

பேத்தி பிறந்தாள். அடுத்த மாரியில் இடுப்பளவுக்கு ஏதோ பரட்டைப் புல் வந்தது. நான் கத்தியோடு போய், விலக்கிப் பார்த்து அறுகு எடுத்தேன். அதற்கடுத்த மாரியில் பார்த்தீனியமும் நாயுருவியும், பறவை எச்சம் போட்ட இடமெல்லாம் நாயுண்ணிப் பற்றையும். முட்கம்பிக்கு உள்ளே பாம்பு குடியிருக்கிற காடு. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தேடி, முழங்கை கிழிந்து, எட்டுப் பத்து நூல் போல வெளிறின அறுகோடு வெளியே வந்தேன். மாலைக்குக் காணாது. பேத்திக்கு அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சல். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நேர்த்தி தவறுகிறது, பிள்ளைக்கு வந்துவிட்டது என்றே நடுங்கினேன்.

மச்சாள் வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்றார்.

"மச்சான், உங்கை பாருங்கோ" என்று காலடியைக் காட்டினார்.

முட்கம்பிக்கு வெளிப்பக்கம், பூமணி அக்காவின் மாடு போய்வரும் ஒழுங்கை ஓரத்தில், ஒரு முழ அகலத்துக்கு நீளமாகக் கிடந்தது அறுகு. கட்டையாய், பச்சையாய், பாய் மாதிரி. கம்பிக்கு இந்தப் பக்கம் அறுகு, அந்தப் பக்கம் பற்றை. யாரோ கோடு கீறிப் பிரித்து விட்டது போல இருந்தது. கோடு நான் நட்ட கட்டைகள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், நாலு சொல் திருப்பிக் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. குந்தி இருந்து, அந்த ஒழுங்கை ஓரத்து அறுகை ஆய்ந்து என் கடகத்தில் போடத் தொடங்கினார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

"விடுங்கோ மச்சாள். நான் தரவை அறுகு எண்டு நேந்தனான். ஒழுங்கை அறுகு இல்லை."

"இண்டைக்கு உதைப் போடுங்கோ. பிள்ளையாருக்கு உங்கடை கஷ்டம் விளங்கும்."

"பிள்ளையாரைப் பற்றி நீங்களோ எனக்குச் சொல்லுறது?"

அவர் இன்னும் ஒரு பிடி ஆய்ந்து போட்டார். "தரவையைத் திருப்பி எடுக்கலாம்" என்றார். "பத்தையை வெட்டிக் காயவிட்டுக் கொளுத்தவேணும். அது மட்டும் போதாது. எரிச்சுப்போட்டு விட்டால் நாயுண்ணிதான் முதல் வரும். மழை விழுந்து முளை வரேக்கை மாடு உள்ளை நிண்டு கடிக்கவும் மிதிக்கவும் வேணும். நிண்டுகொண்டே இருக்கவேணும்."

"பிள்ளையாற்றை நிலத்துக்கு நெருப்பு வைக்கச் சொல்லுறியளோ?"

"நானோ சொல்லுறன்? நீங்கள்தானே அறுகு வேணுமெண்டனீங்கள்."

மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒழுங்கை அறுகில் மாலை கட்டினேன், ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாரிடம் தவணை கேட்டேன். மாசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த மச்சாள் எழும்பவில்லை. தேத்தண்ணி கொண்டுபோன மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். காலில் மேசு போட்டபடியே கிடந்தார். நான் கதைக்காமல் விட்ட மூன்று மாதத்தையும் என் தலையில் வைத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு சபையில் எழும்பினேன். வேலியை வெட்டிப் படலை வைத்து மாடு விடவேண்டும், முதலில் பற்றையை எரிக்கவேண்டும் என்றேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போடச் சொன்னதும் நீ. திறக்கச் சொல்லுறதும் நீ. நாளைக்குக் கோயிலையும் கழட்டி மற்றப் பக்கம் வைக்கச் சொல்லுவியோ?"

"பிழை விட்டிட்டன் ஐயா. பேத்தியின்ரை நேத்தி அதிலை கிடக்கு" என்றேன்.  யாரும் சிரிக்கவில்லை, அது சிரித்ததிலும் கஷ்டமாக இருந்தது.

ஆடியில் வெட்டினோம். ஆவணியில் காய்ந்தது. காற்று எந்தப் பக்கம் இருந்தால் கொளுத்தலாம், எந்த ஓரத்தில் தொடங்குவது என்று கேட்க ஆளில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருடம் பழைய நெருப்பின் கரியைக் கழுவினவருக்கு. தகரப் பரலில் தண்ணீரும் பச்சை வேப்பங்குழையும் வைத்துக்கொண்டு, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு நானே கொளுத்தினேன். புகை கோயில் கூரை வரைக்கும் போனது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஐப்பசியில் மழை விழுந்தது. கரிநிலத்தில் பச்சை தலை காட்டியது. எது அறுகு, எது நாயுண்ணி என்று அந்தச் சின்னதில் எனக்குத் தெரியவில்லை. மாடு வேண்டும், உடனே வேண்டும். ஊரில் மாடு எங்கே? மேய்க்க இடமில்லாமல் மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் விற்றுவிட்டார்கள். மிஞ்சினது பூமணி அக்காவின் இரண்டு.

அவர் படலையைத் திறக்கவில்லை. மேலாலே பார்த்தார்.

"என்ன, வழி தவறி வந்திட்டியளோ?"

"மாட்டைத் தரவைக்கு விடவேணும் அக்கா."

"எந்த மாட்டை?"

"உங்கடை மாட்டைத்தான்."

"எச்சில் எண்டனீங்கள். இப்ப எச்சில் காஞ்சு போச்சோ?"

நான் படலையில் கை வைத்தேன்.

"ரெண்டை வித்தனான், தெரியுமே? ஒண்டு சினை."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுகொண்டுதான் வெள்ளிக்கு வெள்ளி என்ரை படலையடியாலை கடகத்தோடை போய்வந்தனீங்கள்."

  சொல்லிவிட்டுப் படலைக் கயிற்றைக் கழற்றினார்.

"உங்கடை மச்சாளுக்காகத் தாறன். அவ மட்டும்தான் சபையிலை எழும்பி என்ரை மாட்டுக்கு ஞாயம் கதைச்சவ. ஆனால் நான் கொண்டு வரமாட்டன். நீங்கள் பிடிச்சுக்கொண்டு போங்கோ. ஊர் பாக்கட்டும்."

பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு கயிறு, இரண்டு கையில். கோயில் வாசலில் நின்ற தலைவர் பார்த்தார், ஐயர் பார்த்தார். பூமணி அக்கா பின்னால் வந்தார். தரவைப் படலையடியில் அதில் ஒன்று, சிவப்பி, கொஞ்சம் மிரண்டு நின்றது, பிறகு உள்ளே கால் வைத்தது. வைத்ததும் வாலைத் தூக்கி, பிள்ளையாரின் நிலத்தில் சாணி போட்டது. நான் கயிற்றை விடாமல் நின்றேன்.

பிறகு குனிந்து மேயத் தொடங்கியது. ஒரு முளையைக் கடித்து இழுத்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றை முகர்ந்துவிட்டு அப்படியே விட்டது. ஏன் விட்டது என்று கேட்கத் திரும்பினேன். பூமணி அக்காதான் நின்றார். அவரிடமே கேட்டேன்.

"அது கசக்கும்" என்றார். "உதுவும் தெரியாமலோ வேலி போட்டனீங்கள்?"